சிந்துவின் சேறா, தப்தியின் சேறா?

கேள்வி இது: "குஜராத்திலிருந்து கேரளம் வரை மேற்குக் கடலடியில் கிடப்பது பார்வைக்கு ஒரே சேறுதான். அதில் இது சிந்து கொண்டுவந்தது, இது தப்தி கொண்டுவந்தது, இது பெரியாறு கொண்டுவந்தது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? கடலில் எல்லாம் கலந்துபோய்விடாதா? அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது உண்மைதான். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த அடித்தளத்தைத் திட்டு என்கிறோம். கரையை ஒட்டிய உள்திட்டில் கிராப் என்ற அள்ளுகருவியை இறக்கி அள்ளினால், கச்சுக்கு நேரேயும் கொல்லத்துக்கு நேரேயும் மேலே வருவது பச்சையோடிய சாம்பல் நிறச் சகதி. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் வெண்ணெய் போல வழுக்கும். கொஞ்சம் ஆழத்திலிருந்து வந்த சேறாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும். கையையும் மூக்கையும் வைத்து ஆற்றைச் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் துகளும் தான் பிறந்த பாறையின் அடையாளத்தை முழுக்க விட்டுவிடுவதில்லை. கலப்பது உண்மை, கலந்ததை அளந்து பிரிக்க வழி உண்டு என்பதும் உண்மை. இந்தச் சேற்றோடு பல ஆண்டுகள் வேலை செய்ததில் நான் கற்றது ஒன்று: ஒவ்வோர் அடையாளமும் ஏதாவது ஓரிடத்தில் பொய் சொல்லும். ஒரே சாட்சியை நிறுத்தி வழக்கை முடிப்பவரை நம்பாதீர்கள்.

முதலில் கடலை விட்டு நிலத்துக்கு வருவோம். இந்த ஆய்வுக்கு மேற்குக் கடற்கரை ஒரு வரப்பிரசாதம், ஏனென்றால் வடக்கிலிருந்து தெற்கே வரவர ஆறுகள் அறுத்து வரும் பாறைகள் அடியோடு மாறுகின்றன.

வடக்கே சிந்து. இமயம், காரகோரம், இந்துகுஷ் ஆகியவற்றில் பனிப்பாறைகள் அரைத்துத் தள்ளும் மாவுதான் அதன் வண்டலில் பெரும்பங்கு. குளிரில், வேகமாக, ரசாயன மாற்றத்துக்கு நேரம் கிடைக்காமல் அரைபட்ட மண் அது. அபிரகத்தின் பொடி என்று சொல்லத்தக்க இல்லைட்டும், கூடவே குளோரைட்டும் அதில் மிகுதி. அணைகள் வருவதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 25 கோடி டன் வண்டலைக் கடலில் சேர்த்த ஆறு.

அடுத்து நர்மதையும் தப்தியும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பாய்ந்து உறைந்த தக்காண எரிமலைக் குழம்பு இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பை மூடிக்கிடக்கிறது. அந்த பசால்ட் பாறை மழையும் வெயிலும் பட்டு உதிர்ந்தால் கரிசல் மண். கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதையும், முதல் மழைக்கு அந்த வெடிப்பெல்லாம் மூடிக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். அந்த வித்தையைச் செய்வது ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம். தகடு தகடாக இருக்கும் அதன் அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் ஊதும், போனால் சுருங்கும். தப்தி கொண்டுவரும் களியில் இதுதான் தலையாயது. நர்மதை அப்படித் தூய்மையான கரிசல் ஆறு அல்ல. அது விந்திய மணற்கல்லையும் இன்னும் பழைய பாறைகளையும் தொட்டு வருகிறது. அந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

கோவாவைத் தாண்டித் தெற்கே போனால் செம்புரை நாடு. 'லேட்டரைட்' என்ற பெயரையே பிரான்சிஸ் புக்கானன் 1807-ல் மலப்புறத்து அங்காடிப்புரத்தில் பார்த்த கல்லுக்குத்தான் வைத்தார். கொட்டும் மழையில் கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்கும் மண் அது. அதிலிருந்து சிற்றாறுகள் கொண்டுவருவது கயோலினைட்டும், அலுமினிய ஹைட்ராக்சைடான கிப்சைட்டும்.

ஆக வடக்கே அரைத்த அபிரகம், நடுவே கரிசல், தெற்கே செம்புரை. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் திட்டு நெடுகிலும் சேறு அள்ளிக் களிமண் கனிமங்களை வரைபடமாக்கியபோது, நிலத்தின் இந்த வரிசையே கடலடியிலும் பெருமளவு திரும்ப வந்தது. கச்சு வளைகுடாவின் வாயில் மட்டும் ஒரு விந்தை. தெற்கே வழிய வேண்டிய சிந்துவின் சேறு அங்கே தடைபட்டது போலத் தெரிந்தது. அங்கே மலையோ மேடோ கிடையாது. வளைகுடாவுக்குள் புகுந்து வெளியேறும் ஓதத்தின், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தின், வேகமே, கரையோரமாக வரும் வண்டலைக் குறுக்கே வெட்டும் வேலியாக நிற்கிறது என்று 1982-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. தண்ணீரே தண்ணீருக்கு வேலி என்ற அந்தக் கருத்தை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை. அதற்காக அதைக் கதவடைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு, ஆழமான வெளித்திட்டு வழியாகச் சிந்துவின் நுண்துகள் சௌராஷ்டிரத்துக்கு நேரே வந்து சேர்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

களிமண் கனிமத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் ஏமாற்றமும் அங்கேயே தொடங்குகிறது. சேறு ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை, உப்பைக் கழுவுவது. நான் சேர்ந்த புதிதில் இரண்டு தடவை கழுவினால் போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு லிட்டர் உருளையில் நன்றாகக் கலக்கி வைத்த சேறு, கண்ணெதிரே பஞ்சு பஞ்சாகத் திரண்டது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடியில் உட்கார்ந்து, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. அன்றைய வேலை வீண். இன்னும் நாலைந்து முறை கழுவிய பிறகுதான் களி கலங்கியபடியே நின்றது. பிறகு பொறுமை வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் 10 செ.மீ. இறங்க ஏறத்தாழ 8 மணி நேரம் பிடிக்கும். அறை சூடாக இருந்தால் சற்றுக் குறையும். அந்த நேரம் கழிந்ததும் மேல் 10 செ.மீ.யில் மிதப்பது 2 மைக்ரானுக்கும் சிறியது மட்டும்தான். அதைப் பிப்பெட்டில் உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பரப்பிக் காயவைத்து எக்ஸ்-கதிர் பாய்ச்சுகிறோம். அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்துக் கனிமத்தின் பெயர் தெரியும். இல்லைட்டுக்கு 10 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கி அதில் பத்துப் பங்கு. கருவி தீட்டும் கோட்டில் 14, 15-ல் ஒரு முகடு வந்தால் அது ஸ்மெக்டைட்டா குளோரைட்டா என்று குழப்பம் வரும். அப்போது தகட்டை எத்திலீன் கிளைக்கால் ஆவியில் இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் பார்ப்போம். முகடு 17-க்கு நகர்ந்திருந்தால் ஸ்மெக்டைட். நகராமல் நின்றால் குளோரைட். கரிசல் காடு முதல் மழைக்கு ஊதுகிறதே, அதே ஊதல்தான் இது.

உப்பைக் கழுவாத உருளையில் நான் பார்த்தது ஆய்வகத்துத் தவறு மட்டுமல்ல என்பது பின்னால்தான் உறைத்தது. ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் அன்றாடம் நடப்பது அதுதான். நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்து வந்த களித்துகள்கள், உப்பு நீரைத் தொட்டதும் திரண்டு விழுகின்றன. எல்லாக் கனிமமும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. கயோலினைட்டும் இல்லைட்டும் பொதுவாகப் பெரிய துகள்கள். கரைக்கு அருகிலேயே உட்கார்ந்துவிடும். ஸ்மெக்டைட் மிகமிக நுண்ணியது, நெடுந்தூரம் போகும். இதனால் ஒரே ஆற்றின் சேறே, கரையோரத்தில் ஒரு கலவையாகவும் நூறு கி.மீ. தள்ளி வேறு கலவையாகவும் கிடக்கும். அமேசான் முகத்துவாரத்திலிருந்து திட்டு வழியே போகப்போக ஸ்மெக்டைட் பங்கு கூடுவதை 1970-களிலேயே அளந்து, காரணம் துகளின் பருமன்தான் என்று காட்டிவிட்டார்கள். இதை மறந்துவிட்டு, "கரையிலிருந்து விலக விலக ஸ்மெக்டைட் கூடுகிறது, ஆகவே இங்கே இன்னொரு ஆறு கலக்கிறது" என்று எழுதினால், இல்லாத ஆற்றைக் கண்டுபிடித்தவராகிவிடுவோம்.

இரண்டாவது ஏமாற்றம் நம் ஊரிலேயே இருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலும் கரிசல்தான். அதிலும் ஸ்மெக்டைட் உண்டு. ஆனால் அங்கே தக்காண பசால்ட் கிடையாது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பழைய நைஸ் பாறை மேல், சுண்ணம் கலந்து, மழை குறைந்த வறண்ட தட்பவெப்பத்தில் விளைந்த கரிசல் அது. களிமண் கனிமம் பாறையை மட்டும் சொல்வதில்லை, அந்த மண் விளைந்த தட்பவெப்பத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஸ்மெக்டைட் என்றால் பசால்ட் என்று சமன்பாடு போட்டால் கோவில்பட்டியைக் கொண்டுபோய் நாசிக்கில் வைத்த கதையாகிவிடும்.

ஆகவே தட்பவெப்பமும் பருமனும் எளிதில் தொட முடியாத ஒரு சாட்சி தேவை. அதுதான் பாறைகளில் சிறு அளவில் இருக்கும் நியோடிமியம் என்ற தனிமம். சமாரியம்-147 என்ற அணு மிக மெதுவாகச் சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. அரை ஆயுள் சுமார் 10,600 கோடி ஆண்டுகள், புவியின் வயதைப் போல இருபது மடங்குக்கும் மேல். கண்ட மேலோட்டுப் பாறையில் நியோடிமியத்தோடு ஒப்பிடும்போது சமாரியம் குறைவு. அதனால் எவ்வளவு காலம் முன்பு அந்தப் பாறை புவியின் உள்ளிருந்து பிரிந்து வந்ததோ, அந்த அளவுக்கு அதில் நியோடிமியம்-143 பின்தங்கியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து எப்சிலான் என்ற எண்ணாகச் சொல்கிறார்கள். பாறை மண்ணாகி, மண் களியாகி, ஆற்றில் உருண்டு, கடலில் படிந்த பிறகும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. இன்றைய சிந்துவின் வண்டல் −15-ஐ ஒட்டி நிற்கிறது. தக்காண பசால்ட்டில் பெரும்பகுதி பூஜ்யத்தின் பக்கத்திலோ அதற்கு மேலோ இருக்கும். உருகி மேலே வரும் வழியில் பழைய மேலோட்டைக் கரைத்துக்கொண்ட சில பாய்ச்சல்கள் மட்டும் கீழே போகும். கர்நாடகத்தின் பழம்பெரும் நைஸ் பாறைகளில் −25, −30 என்றெல்லாம் இறங்கும். கோவில்பட்டிக் கரிசலும் நாசிக் கரிசலும் களியில் ஒத்துப்போனாலும் இந்த எண்ணில் ஒரு நாளும் ஒத்துப்போகா.

கலந்ததைப் பிரிக்கும் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஓர் ஆற்று மண்ணில் எப்சிலான் −15, நியோடிமியம் பத்து லட்சத்தில் 30 பங்கு. இன்னொன்றில் −1, நியோடிமியம் 20 பங்கு. கடலடிச் சேற்றில் அளந்தது −8. நடுவில் இருக்கிறதே, பாதிக்குப் பாதி என்று தோன்றும். அது தவறு. முதல் மண்ணில் நியோடிமியம் அதிகம் இருப்பதால் அதன் குரல் ஓங்கி ஒலிக்கிறது. கணக்குப் போட்டால் முதல் ஆற்றின் பங்கு 40 விழுக்காடுதான். பாதிக்குப் பாதி கலந்திருந்தால் −9.4 வந்திருக்கும். மூன்று ஆறுகள் என்றால் ஒரு எண் போதாது. ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு விகிதத்தையும் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதம்) சேர்க்க வேண்டும். அதுவோ துகளின் பருமனுக்கும் ரசாயனச் சிதைவுக்கும் வளைந்துகொடுக்கும் சாட்சி. சிப்பிச் சுண்ணத்தில் கடலின் ஸ்ட்ரான்ஷியமே இருப்பதால் முதலில் அமிலம் விட்டு அதைக் கரைத்து வெளியேற்றாவிட்டால், ஆற்றை விட்டுவிட்டுக் கடலையே அளந்துகொண்டிருப்போம்.

முன்னால் சொன்ன நர்மதை இங்கேதான் நம்மைச் சோதிக்கிறது. அது தன் படுகையிலேயே பசால்ட்டையும் பழைய பாறையையும் கலந்துகொண்டு வருகிற ஆறு. கடலில் ஓர் இடைப்பட்ட எண் கிடைத்தால், அது சிந்துவும் தப்தியும் கலந்ததா, நர்மதை தனியாகக் கொண்டுவந்ததா? நியோடிமியம் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. அப்போது களிமண் கனிமத்திடம் திரும்பப் போகிறோம். குளோரைட்டும் இல்லைட்டும் தூக்கலாக இருந்தால் சிந்துவின் கை இருக்கிறது என்று எண்ண இடம் உண்டு. முதலில் குறை சொன்ன சாட்சியே இங்கே உதவிக்கு வருகிறது. காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அந்தக் கலக்கலில் நர்மதையும் தப்தியும் கொண்டுவந்ததை ஆறு வாரியாகப் பிரிப்பதில் யாராவது மிகுந்த உறுதியோடு பேசினால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

இப்போது பலரும் விரும்பும் முறை, சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் யுரேனியம் எவ்வளவு சிதைந்து ஈயமாகியிருக்கிறது என்பதைக் கொண்டு வயது பார்ப்பது. கடினமான மணி, எத்தனை தடவை அரிக்கப்பட்டாலும் பிழைத்துக்கொள்ளும். சிந்துவின் மணலில் காரகோரம், கோகிஸ்தான் பகுதிகளின் இளவயது சிர்கான்கள் கிடைக்கும், தென்னிந்திய ஆறுகளில் கிடைக்காது. நல்ல சாட்சிதான். ஆனால் ஒரு பெரிய குருட்டுப் புள்ளி அதற்கு உண்டு. கிரானைட், நைஸ் போன்ற பாறைகளில்தான் சிர்கான் விளையும். பசால்ட்டில் அநேகமாக இருக்காது. முழுத் தக்காணமும் உதிர்ந்து கடலில் விழுந்தாலும் சிர்கான் கணக்கில் அது தலைகாட்டாது. மேற்குத் திட்டில் சிர்கானை மட்டும் வைத்து எழுதினால், நடுவில் ஓர் ஆறும் வந்து சேரவில்லை என்பது போன்ற படம் கிடைக்கும்.

காந்த ஏற்புத்திறனையும், அதாவது சேறு எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்பதையும், பலர் கேட்பார்கள், ஏனென்றால் கருவி மலிவு, நிமிடத்தில் அளக்கலாம். பசால்ட் மண்ணில் காந்தக் கனிமம் மிகுதி என்பதால் மேற்பரப்புச் சேற்றுக்கு நன்றாகவே உதவும். ஆனால் ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் அந்தக் கனிமம் கரைந்துபோகும். அழுகிய முட்டை வாடை வரும் சேற்றில் காந்த அளவு குறைந்தால், அது ஆறு மாறியதாலா சேற்றின் ரசாயனத்தாலா என்று பிரிக்க முடியாது.

இதுவரை ஆற்றுக்கு ஒரு நிலையான கையொப்பம் உண்டு என்று வைத்துப் பேசினேன். அதுவும் முழு உண்மை இல்லை. சிந்துவின் கழிமுகத்தில் ஆழத் துளையிட்டு எடுத்த படிவுகளில், பனியுகம் முடிந்து பருவமழை வலுத்த காலத்தில், ஏறத்தாழ 14,000 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன், எப்சிலான் எண் −11-ஐ ஒட்டிய மதிப்பிலிருந்து −15-ஐ நோக்கி இறங்குகிறது. ஆறு அதேதான். மழை இமயத்தின் தென்சரிவை அதிகம் அரிக்கத் தொடங்கியதால், காரகோரத்தின் பங்கு குறைந்து பழைய பாறையின் பங்கு ஏறிவிட்டது. பன்னிரண்டாயிரம் ஆண்டு பழைய சேற்றை இன்றைய சிந்துவின் எண்ணோடு ஒப்பிட்டு, "இது சிந்துவுடையது இல்லை" என்று தள்ளிவிட்டால் அது பெரும்பிழை.

காலத்தைப் பற்றிய இந்த எச்சரிக்கை வெளித்திட்டில் இன்னும் கூர்மையாகிறது. மும்பைக்கு வடமேற்கே திட்டு 300 கி.மீ.க்கு மேல் அகலம். கொச்சிக்கு நேரே 60 கி.மீ. அளவுதான். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தபோது இந்த அகலமெல்லாம் நிலம். ஆறுகள் அதன் குறுக்கே ஓடின. மும்பைக்கு அப்பால் ஐம்பது பாகம் (சுமார் 90 மீட்டர்) ஆழத்தில் ஒரு பரந்த தட்டை வெளி இருக்கிறது. அங்கே கிடப்பது பெரும்பாலும் அந்தப் பழைய கடலோரம் விட்டுச்சென்ற சுண்ண மணல். இன்றைய ஆறுகளின் சேறு அதை இன்னும் மூடவில்லை. உள்திட்டுச் சேற்றையும் இந்தப் பழைய மணலையும் ஒரே வரைபடத்தில் ஒரே நிறக்கோலில் தீட்டினால், இரண்டு வெவ்வேறு யுகங்களை ஒட்டவைத்ததாகிவிடும்.

கிழக்குக் கரையைப் பற்றி ஒன்றிரண்டு வரி சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். அங்கே கோதாவரியும் கிருஷ்ணாவும் ஒரே தக்காணத்தின் கரிசலைக் கொண்டுவருகின்றன. அவை இரண்டையும் மற்ற ஆறுகளிலிருந்து பிரிப்பது எளிது. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பதுதான் பாடு. கோதாவரி கீழே வரும்போது கிழக்குத் தொடர்ச்சி மலையைப் பிளந்து வருகிறது, கிருஷ்ணா தார்வார், கடப்பைப் பாறைகளைத் தொட்டு வருகிறது. அந்தச் சிறு வேறுபாட்டைக் கனமான கனிமங்களில் தேட வேண்டும். காவிரி பசால்ட்டைத் தொடாத ஆறு என்பதால் அதன் சேறு தனித்துத் தெரியும், கிடைக்கிற வரைக்கும். மேட்டூர் அணை 1934-ல் வந்தபிறகு கிடைப்பதே குறைவு.

கடைசிக் கேள்வி, எவ்வளவு நம்பலாம் என்பது. ஓர் ஆய்வைப் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள். எந்தப் பருமன் துகளில் அளந்தார்கள்? ஆற்று மண்ணும் கடல் மண்ணும் ஒரே பருமனில் இல்லையென்றால் ஒப்பீடே செல்லாது. ஆற்று மாதிரியை எங்கே எப்போது எடுத்தார்கள்? வண்டலின் பெரும்பங்கு தென்மேற்குப் பருவத்து வெள்ளத்தில்தான் வருகிறது. மார்ச் மாதத்தில் பாலத்தடியில் அள்ளிய மணல் அந்த ஆற்றின் பிரதிநிதி ஆகாது. மூன்றாவது, சேற்றின் வயதைத் தனியாகப் பார்த்தார்களா?

இந்த மூன்றாவதை வலியுறுத்தக் காரணம் சிந்துதான். 1932-ல் சுக்கூர், 1955-ல் கோத்ரி, 1970-களில் தர்பேலா என்று தடுப்புகள் வரிசையாக வந்த பிறகு, அந்த 25 கோடி டன்னில் மிகச் சிறு பகுதியே இன்று கடலை அடைகிறது. கழிமுகம் வளரவில்லை, அலை அதைத் தின்றுகொண்டிருக்கிறது. இன்று கச்சுக்கு நேரே விழும் சேற்றை எல்லாச் சாட்சியும் சேர்ந்து "சிந்து" என்றே சொல்லும். சொல்வது சரியும்கூட. ஆனால் அதில் எவ்வளவு இந்த ஆண்டு ஆறு கொண்டுவந்தது, எவ்வளவு பழைய கழிமுகத்தை அலை அரித்து நகர்த்தியது என்பதைக் களியும் நியோடிமியமும் சிர்கானும் சொல்லா. இரண்டும் ஒரே மலையின் மண். நான் முதலில் கேட்பது ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தின் அளவு. அதன் அரை ஆயுள் 22 ஆண்டுகள் சொச்சம் என்பதால், சென்ற நூறு ஆண்டுகளில் அந்த இடத்தில் சேறு எந்த வேகத்தில் படிந்தது என்பதை அது காட்டும். அந்த வேகத்தை ஆறு இன்று உண்மையில் கொண்டுவரும் சுமையோடு ஒப்பிட்டு, இடிக்கும் இடத்தில் அலை அரித்த கழிமுகத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.